சுடாத மணல்

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் தண்ணீர் மோட்டார் இயங்கவில்லை. வாளியால் அள்ளிக் குளித்துவிட்டு ரத்தப் பரிசோதனை லாப்புக்குப் பிந்திப் போனேன். டெங்கு சந்தேகத்தில் இரண்டு பேர். மற்றதெல்லாம் வழக்கமான குருதிப் பரிசோதனைகள். மதியம் டினேஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே மாமரத்தடிக்குப் போனான். என்னோடு பல வருடமாக வேலை செய்பவன், குருநகர்க் கத்தோலிக்கன்; நல்லூர்த் திருவிழா முடியும்வரை லாப்பில் மற்ற எல்லோரும் மரக்கறிதான்.

"நல்லூர்க் கொடி இறங்கும் வரைக்கும் நானும் என்ரை இறாலும் அகதிகள், மிஸ்."

எனக்குப் பரவாயில்லை, உள்ளேயே சாப்பிடு என்றேன்.

"உங்களுக்குப் பரவாயில்லை. உங்கடை முருகனுக்கு?"

எனக்கு முருகன் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சும்மா சீண்டல்.

கவலை அக்காவைப் பற்றித்தான். கொடியேறிய நாள் தொடக்கம் அவள் செருப்பைத் தொடவில்லை. கோயில் வீதியில் யாரும் செருப்புப் போடுவதில்லை, அது வேறு. இவள் முற்றத்தில், கிணற்றடியில், அத்தானின் வெங்காயத் தோட்டத்தில், உரும்பிராய்ச் சந்தியில், எங்கும் வெறுங்கால். திருவிழா முடிந்து வைரவர் மடை ஆகும்வரை நேர்த்திக்கடனாம். நீரிழிவு வந்து நெடுநாள், சீனி வருத்தக்காரி. நேர்ந்தது எனக்காக. மாசியில் என் மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். தீங்கில்லாதது என்று முடிவு வந்தது. அந்த இடைவெளியில் அக்கா முருகனோடு பேசி முடித்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

இன்றும் சொன்னேன்.

"சீனி வருத்தத்தோடை வெறுங்காலிலை திரியக்கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"உனக்கு வந்தது போனதுக்குத்தானே, கௌரி."

"வந்தது போகேலை அக்கா. முதலே அது ஒண்டுமில்லாத கட்டி."

"ஒண்டுமில்லாததெண்டா பிறகென்னத்துக்கு அந்த மூண்டு கிழமையும் சாப்பிடாமல் கிடந்தனீ?"



ஆகஸ்ட் 19, திங்கள்

காலைக் காட்டுங்கோ என்று அக்காவிடம் சொன்னேன். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டாள்.

செப்டெம்பர் 1, ஞாயிறு. தேர்

விடியவே போனோம் – அக்கா, அத்தான், நான். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, எனக்குக் கலியாணம் இல்லை. அத்தானின் மோட்டார் சைக்கிளில் அக்கா, நான் ஸ்கூட்டியில். தேரின் பின்னால் ஆண்கள் மணலில் பிரதட்டையாக உருண்டார்கள். பெண்கள் அடி அழித்தார்கள்: விழுந்து கும்பிட்டு, எழும்பி, நெற்றி பட்ட இடத்தில் காலை வைத்து, மறுபடி விழுந்து. அக்காவும். ஒரு வீதி முழுக்க. நான் அவளுடைய தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் வந்தேன்.

முடியும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. தெற்கு வீதிக்குத் தண்ணீர் தெளிக்கிற பவுசர் வண்டி இன்னும் வரவில்லை. வீதி முழுக்கப் பரப்பிய மணல், கச்சான் கடலை வறுக்கிற மணல் மாதிரிக் கிடந்தது. நான் ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்கு ஓடினேன். அத்தான் குதிக்காலில் துள்ளினார். "உது கோயிலோ, தாச்சிச் சட்டியோ?" என்று கேட்டுக்கொண்டே துள்ளினார். நாங்கள் இருவரும் பந்தல் நிழலுக்குள் வந்து திரும்பிப் பார்த்தால் – அக்கா நடு மணலில் ஆறுதலாக நடந்து வருகிறாள். கல்யாண வீட்டில் நடப்பதுபோல.

"எனக்குச் சுடேலை, கௌரி. பாரன், ஒரு துளியும் சுடேலை."

முகம் அப்படி ஒளிர்ந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மனுசி கைகூப்பி, "முருகன் தாங்கிறான் அம்மா" என்றாள். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

எனக்கு அது என்னவென்று தெரியும். சீனி, பாத நரம்புகளை ஒவ்வொன்றாகச் சாகடித்துவிட்டது. சூடு மேலே போய்ச் சேர வழியில்லை. வாயைத் திறந்தேன். அந்தச் சனத்துக்குள், அந்த முகத்தைப் பார்த்து – மூடிவிட்டேன்.

செப்டெம்பர் 4, புதன்

அத்தான்தான் கண்டார். சமையலறையிலிருந்து சாமியறைவரை சீமெந்துத் தரையில் ஒற்றைக் காலின் ஈர அடையாளம், மங்கிய சிவப்பில். "குணம், எங்கை வெட்டினது?" என்று அக்காவைக் கேட்டார். ரத்தம் ஒழுகுவது அவளுக்கே தெரியாது.

இடது பாதம், பெருவிரலின் அடியில். கொப்புளம் வந்து, உடைந்து, தோல் உரிந்து கிடக்கிறது. உள்ளே சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. சீழ் என்று நினைத்தேன். திருநீறு. தேர் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து பூசையறைத் தட்டிலிருந்து எடுத்து எடுத்து அப்பியிருக்கிறாள்.

"உன்னட்டைச் சொன்னால் நேர்த்தி முடிய முதல் செருப்பைப் போடச் சொல்லுவாய்."

"ஓம். சொல்லியிருப்பன்."

"அதுதான் சொல்லேலை."

 கழுவக் கழுவச் சாம்பல் வந்துகொண்டேயிருந்தது. அவள் ஒருமுறைகூட "ஆ" என்று சொல்லவில்லை.

செப்டெம்பர் 5, வியாழன்

கிளினிக்கில் கழுவி மருந்து கட்டினார்கள். அன்ரிபயோற்றிக். ஒருநாள் விட்டு ஒருநாள் வரவேண்டும்.

காத்திருந்த நேரத்தில், தோல் கிழிந்தால் ரத்தம் என்ன செய்கிறது என்று பல்கலைக்கழகத்தில் படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். மற்றவர்கள் தேவாரம் சொல்லுவது மாதிரி. முதலில் குருதிச் சிறுதட்டுகள். ஓடும் ரத்தத்தில் சும்மா மிதந்து வருபவை. கிழிசலைக் கண்டதும் ஒட்டி, ஒன்றையொன்று பிடித்து வாசலை அடைக்கும். அடைத்துக்கொண்டே மற்றவர்களைக் கூப்பிடும். கொஞ்ச நேரத்தில் நியூற்றோபில்கள், வெண்குழியங்களில் பெரும்பான்மையானவை, குழாயின் சுவரைப் பிடித்து, நெரிந்து, வெளியே இறங்கிக் கிருமியைத் தின்னும். தின்று தாமும் சாகும். அவற்றுக்குப் பின்னால் மொனோசைற்றுகள். ரத்தத்தில் ஓடும்போது அவற்றுக்கு ஒரு உருவம். காயத்துக்குள் இறங்கினால் பருத்த தின்குழியங்களாக மாறிவிடும். குப்பை அள்ளுவதும் அவைதான். பிறகு, போதும், இனிப் புதுத் தோலைக் கட்டலாம் என்று சொல்லுவதும் அவைதான்.

செத்தவீடு மாதிரி. முதலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து வாசற்படலையைப் பிடிப்பார்கள். பிறகு தூக்கிச் சுமக்கும் ஆண்கள். பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை நின்று கூட்டி, கழுவி, சமைத்து வீட்டைத் திரும்ப வீடாக்கும் ஆட்கள். ஒவ்வொருவரும் நேரத்துக்கு வரவேண்டும், நேரத்துக்குப் போகவும் வேண்டும். சீனி வருத்தத்தில் இதுதான் குழம்புகிறது. வரவேண்டியவை பிந்தி வரும். வந்தவை சண்டைக் கோலத்தைக் கழற்றாமல் நின்றுவிடும். காயம் மூடாது.

ஏன் எனக்குச் செத்தவீடுதான் உவமையாக வரவேண்டும்?

செப்டெம்பர் 9, திங்கள்

அக்காவின் ரத்தத்தை நானே எடுத்தேன், நானே சிலைட்டில் இழுத்துச் சாயம் போட்டேன். நுணுக்குக்காட்டியில் பார்வை வட்டம் நிறைந்திருந்தது. நியூற்றோபில்கள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. இளசுகள்கூட, எலும்பு மச்சை அவசரத்துக்கு அனுப்பியவை. மொனோசைற்றுகளும் குறைவில்லை. சிறுதட்டுகள் தாராளம்.

டினேஸ் எட்டிப் பார்த்தான். "படை இறங்கியிட்டுது மிஸ். அக்கா தப்பியிட்டா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய உடம்பு கைவிடவில்லை. இந்த வருடத்தில் இவ்வளவு ஆறுதலாக ஒரு சிலைட்டைப் பார்த்ததில்லை. கழுவிப் போடாமல் பெட்டியில் வைத்தேன்.

செப்டெம்பர் 13, வெள்ளி

பெருவிரலும் அடுத்ததும் கறுத்துவிட்டன. சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் நிவேதனா கணுக்காலின் உட்புறத்தில் விரலை வைத்து நெடுநேரம் அமத்திப் பார்த்தார். என்னைவிட இளையவர், லாப்புக்கு வந்து போகும் பழக்கத்தில் என்னை அக்கா என்பார்.

"நாடி எனக்குச் சரியாப் பிடிபடேலை. குழாய் அடைச்சிருக்கோ எண்டு ஸ்கான் எடுக்கவேணும், அதுக்கு அடுத்த வெள்ளிதான் இடம் கிடக்கு. இந்த ரெண்டு விரலையும் இப்பவே எடுத்துவிடுறது நல்லம், கௌரி அக்கா. கிருமி மேலை ஏறுறதுக்கு முதல். எடுத்துப்போட்டு, அவசரமெண்டு கொழும்புக்கு எழுதி அங்கை ஸ்கானையும் முந்திச் செய்விக்கலாம்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. அத்தானையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நீ சொல்லு. நீ படிச்சனீ. நீ வெட்டெண்டால் வெட்டட்டும்."

அத்தானும் சொன்னார்: "ஓம் கௌரி, நீர் சொல்லும். எங்களுக்கு உது விளங்காது."

சிலைட் கண்ணுக்குள் நின்றது. அத்தனை குழியங்கள். வேலை தொடங்கிவிட்ட ஒரு உடம்பிலிருந்து விரலை வெட்டுவதா? ஸ்கான் எடுக்கும்வரை பொறுப்பம் என்றேன். டொக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "சரி. காய்ச்சல் வந்தால் உடனை கொண்டுவாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஓட்டோவுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பிடிக்கிறவள் அல்ல.

செப்டெம்பர் 15, ஞாயிறு

மாற்றமில்லை. மாற்றமில்லை என்பது நல்லதா?

செப்டெம்பர் 18, புதன்

மணம். சாம்பிராணி போட்டிருக்கிறார் அத்தான். அதையும் தாண்டி மணக்கிறது.

செப்டெம்பர் 20, வெள்ளி

நடுக்கத்தோடு காய்ச்சல். விடியவே கொண்டுபோனோம், ஸ்கானும் அங்கேயே எடுத்தார்கள். டொக்டர் நிவேதனா திரையைத் திருப்பிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நிறம் மெலிந்து போகிறது. கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கறுப்பு.

"ரத்தக் கவுண்ட் நல்லா இருந்தது டொக்டர்" என்றேன். 

"எனக்குத் தெரியும். றிப்போட் பாத்தனான்."

"நானே சிலைட் பாத்தனான். எல்லாம் இருந்தது."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அது கையிலை எடுத்த ரத்தம், கௌரி அக்கா."

கையில் எடுத்த ரத்தம். கையில். இவ்வளவு வருடமாக ஆயிரம் கைகளில் ஊசி குத்தியவள் நான். ரத்தத்தில் இருப்பது காயத்தில் இருப்பதாக ஆகாது. கூப்பிட்ட குரல் கேட்டுப் புறப்பட்டவை எல்லாம் அடைத்த தெருவின் வாசலில் நின்று, திரும்பி, கைக்கும் தலைக்கும் நெஞ்சுக்கும் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கின்றன. நான் அவற்றை எண்ணி மகிழ்ந்திருக்கிறேன்.

மணல் சுடவில்லை என்று அவள் நம்பினாள். நான் சிலைட்டை நம்பினேன். என்ன வித்தியாசம்? அவள் தன்ரை காலைப் பணயம் வைச்சு நம்பினாள். நானும் அவளின்ரை காலை வைச்சுத்தான்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

நேற்று எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு. தேர்தல் நாள், வாட்டில் நேர்ஸ்மார், பார்வையாளர், எல்லோர் விரலிலும் மை. அத்தான் வாக்குப் போடப் போகவில்லை. அக்கா மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது: "தோட்டத்துக்குத் தண்ணி விட்டதே?"

செப்டெம்பர் 23, திங்கள்

வாட்டுச் சிற்றூழியர் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மான்ரை காலை நீங்கள் கொண்டு போறியளோ, நாங்கள் எரிக்கட்டோ?" அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு தானே, "எரியுங்கோ" என்றார்.

வெளியே வந்து தேத்தண்ணி வாங்கித் தந்தார். தான் குடிக்கவில்லை.

"கௌரி, தீட்டுத் துடக்கு இருக்கோ?"

"எதுக்கு அத்தான்?"

"உடம்பிலை ஒரு பங்கு எரியப் போகுதெல்லோ. தோட்டத்து வைரவருக்கு நான் விளக்கு வைக்கலாமோ, கூடாதோ?"

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஐயரைக் கேளுங்கோ என்றேன்.

"ஐயரைக் கேக்க வெக்கமாக் கிடக்கு. என்னெண்டு கேக்கிறது? என்ரை மனுசியின்ரை கால் காலமாயிட்டுது எண்டோ?"

விளக்கு வைத்தாரா என்று நான் கேட்கவில்லை.

செப்டெம்பர் 30, திங்கள்

டொக்டரிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்கே இரண்டு விரலை எடுத்திருந்தால்?

"எடுத்த இடமும் ஆறியிருக்காது, ரத்தம் இல்லாத இடம்தானே. ஆனால் கிருமி ஏற முதல் குழாயைத் திறந்து பாக்க ஒரு கிழமை கிடைச்சிருக்கும். கால் தப்பியிருக்கும் எண்டும் சொல்லேலாது. தப்பியிராது எண்டும் சொல்லேலாது."

நான் கேட்ட எல்லாப் பதில்களிலும் நேர்மையானது இதுதான். இதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

அந்தச் சிலைட்டை இன்று கழுவினேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. சனம் வந்து போகிறது. வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கதைத்து, இல்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, திரும்ப முகத்துக்கு வருகிறார்கள்.

எல்லோரும் போன பிறகு அக்கா சொன்னாள்:

"ஏன் உனக்கு முகம் இப்பிடிக் கிடக்கு? கணக்குச் சரிதானே. உன்ரை கட்டியை எடுத்தான், என்ரை காலை எடுத்தான்."

"அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம்."

"வேண்டாமெண்டால் விடு. எனக்கு வேணும்."

"அக்கா, முருகன் எடுக்கேலை. பொறுப்பம் எண்டு சொன்னது நான். காலை எடுத்தது நான்."

சொல்லிவிட்டேன்.   அவள் சிரித்தாள். உண்மையான சிரிப்பு, பல்லெல்லாம் தெரிந்தது.

"நீயோ? உனக்கு ஒரு பூசணிக்காய் வெட்டத் தெரியாது. போடி. என்ரை காலை எடுக்க நீ என்ன பெரிய ஆளோ?"

மன்னித்தாளா, என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே மறுத்தாளா, தெரியவில்லை. இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. அது கடினம். கோபித்திருந்தால் பிடிப்பதற்கு ஒரு நுனி இருந்திருக்கும்.

அக்டோபர் 16, புதன்

தையலின் ஒரு மூலை திறந்துவிட்டது. ஈரம். ஒன்றும் எழுத மனமில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

மருந்து கட்டும்போது பக்கத்தில் நின்றேன். திறந்த மூலையின் அடியில் சிவந்து, மணிமணியாக, கொவ்வைப் பழத்தின் உட்புறம் மாதிரி. நேர்ஸ் பஞ்சால் ஒற்றியதும் புள்ளியாக ரத்தம் வந்தது. "வரட்டும், வரட்டும், அது நல்ல ரத்தம்" என்றார். அங்கே குழாய் திறந்திருக்கிறது. வரவேண்டியவை வந்திருக்கின்றன. வந்த வேலை முடிந்து போகவும் போகின்றன.

படித்ததெல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. பாதத்தில் நடக்காதது, இங்கே, புத்தகத்தில் உள்ளபடியே. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஆனால் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன், நேர்ஸ் "மிஸ், கொஞ்சம் விலகுங்கோ, வெளிச்சம் மறைக்குது" என்று சொல்லும்வரை.

நவம்பர் 12, செவ்வாய்

மூடிவிட்டது. மெல்லிய, மினுங்குகிற தோல். செயற்கைக்கால் அளவெடுக்கத் தை பிறக்க வரச் சொன்னார்கள். அக்கா, "நீலச் சேலைக்குப் பொருத்தமான காலாப் பாத்துத் தாங்கோ" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. தோட்டம் வெள்ளத்துக்குள், அத்தான் பாத்தியை வெட்டிவிடப் போய்விட்டார். லாப் மூடியிருக்கிறது. அக்காவின் அறையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் போல அவள் நெளியத் தொடங்கினாள். தலையணையைத் தள்ளினாள், திரும்பினாள்.

"கௌரி, பெருவிரல் அரிச்சுக் கடிக்குது."

"எந்தப் பெருவிரல்?"

"இடது."

எனக்கு விளக்கம் தெரியும். வெட்டுப்பட்ட நரம்பின் நுனி. மூளைக்குள் இன்னும் அழியாத பாதம். உயிரோடு இருந்த காலத்தில் தணல் பட்டாலும் அறியாத விரல், இப்போது எரிந்து சாம்பலான பிறகு கடிக்கிறது. பேப்பரை மடித்து வைத்தேன்.

"அக்கா, அந்தக் கால்…"

"இல்லையெண்டு எனக்குத் தெரியாதே? கடிக்குது எண்டுறன்."

குரலில் அழுகை இருந்தது. இத்தனை மாதங்களில் நான் கேட்ட முதல் அழுகை.

எழும்பிக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், பாதம் இருந்திருக்கக்கூடிய தூரத்தைக் கண்ணால் அளந்து, கையை வைத்தேன். நகத்தால் மெல்லச் சொறிந்தேன்.

"இதிலையோ?"

"கொஞ்சம் கீழை."

கையைக் கீழே இறக்கினேன்.

"ஓம். அதிலைதான்."

கண்ணை மூடினாள். நான் சொறிந்துகொண்டிருந்தேன்.